துரை இப்போதுதான் வெளியே போனார்

இந்த வீட்டில் முதல் வாரம் நீங்கள் வழி தவறத்தான் போகிறீர்கள். அதற்காக வெட்கப்பட வேண்டாம். எனக்கும் அப்படித்தான் நடந்தது. வெளியே நின்று பார்த்தால் தோட்டத்துப் பெரிய கிளாக்கருடைய குவார்ட்டர்ஸ் அளவுதான் இருக்கும். உள்ளே போனால் வந்த வாசல் எங்கே என்பது நமக்கே மறந்துவிடும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஜெர்மன் தம்பதியைச் சாப்பாட்டறைக்கு அழைத்துப் போவதாக நினைத்து, குளியலறையில் கொண்டுபோய் நிறுத்தினேன். அவர்கள் மிகவும் மரியாதையாக அந்தக் குளியல் தொட்டியைப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

நான் ஓய்வு பெற்ற பிறகு மேனேஜர் கூப்பிட்டு, “புதுப் பிள்ளைகள் வந்திருக்கிறார்கள், உங்கள் அனுபவத்தைக் கொஞ்சம் எழுதிக் கொடுங்கள்” என்றார். வீட்டின் கதை, கட்டியவரின் கதை, கூரை ஏன் அப்படிச் சரிந்திருக்கிறது என்பதெல்லாம் உங்களிடம் தந்திருக்கும் கையேட்டில் இருக்கிறது. அதை நான் திருப்பிச் சொல்லப்போவதில்லை. கையேட்டில் இல்லாத ஒரு மத்தியானத்தைப் பற்றிச் சொல்கிறேன். அன்றைக்கு நான் செய்தது சரியா பிழையா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி உங்கள் முன்னால் நடிக்கவும் மாட்டேன்.

வீட்டைக் கட்டியவர் கொழும்புக் கட்டடக்கலைஞர். ஊருக்கெல்லாம் பெரிய பெரிய கட்டடம் வரைந்து கொடுத்துவிட்டு, தனக்கென்று இந்தத் திம்புள்ளச் சரிவில் சின்னதாக ஒன்றைக் கட்டிக்கொண்டார். எதையும் ஒரே பார்வையில் காட்டிவிடக் கூடாது என்பது அவருடைய பிடிவாதம். அதனால் முன்வாசல் வீதியைப் பார்க்காது. சுவரோடு ஒட்டி நடந்து, படி இறங்கி, வீடு முடிந்துவிட்டது என்று நினைக்கிற இடத்தில்தான் கதவு இருக்கும். உள்ளே திரும்பும் இடத்தில் ஆளுயரக் கண்ணாடி ஒன்றைச் சுவரோடு சுவராகப் பதித்திருக்கிறார். அதை இன்னோர் அறை என்று நினைத்து நெற்றியை மோதிக்கொள்ளாதவர்கள் குறைவு. குழந்தை குட்டி இல்லாத மனிதர். அவர் போன பிறகு வீடு பொதுமக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது.

இப்படிப்பட்ட வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு, நீங்களும் பழகியிருப்பீர்கள். ஆள் இல்லை என்று தெரியக் கூடாது. மடித்த பத்திரிகை மேல் மூக்குக்கண்ணாடி, கொக்கியில் தொப்பி, கதவோரம் கைத்தடி, கட்டிலடியில் செருப்பு. தினமும் காலையில் எழுத்து மேசையில் இருக்கும் கோப்பையில் பால் இல்லாத பிளேன்டீ ஊற்றி, பாதியைக் கொட்டிவிட்டு, பாதி குடித்த மாதிரி வைப்போம். எனக்கு வேலை பழக்கிய மூத்தவர் ஒரு வாக்கியமும் சொல்லிக் கொடுத்தார். பார்வையாளர் முற்றத்தில் வந்து நின்றதும் குரலைத் தாழ்த்தி அதைச் சொல்ல வேண்டும். வீட்டுக்காரர் இப்போதுதான் நடக்கப் போயிருக்கிறார், அவர் திரும்புவதற்குள் ஒரு சுற்று பார்த்துவிடுவோம் என்று. ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் அவர் சொன்னதையே நானும் சொன்னேன். தமிழில் அவருக்கு வராது என்பதால் தமிழ் வாக்கியத்தை நானே உண்டாக்கினேன். நம் ஆட்களுக்கு ‘கட்டடக்கலைஞர்’ என்றால் மனதில் ஒட்டாது என்று, தோட்டத்தை நடத்துகிறவரைக் கூப்பிடுகிற மாதிரி ‘துரை’ என்று போட்டேன்.

“தொரை இப்பதான் வெளிய போயிருக்காரு. அவரு வர்றதுக்குள்ள வாங்க, பங்களாவப் பாத்துருவோம்.”

எல்லோரும் சிரிப்பார்கள். சின்னப் பிள்ளைகள் திரும்பி வாசலைப் பார்க்கும். எனக்கு அந்த வாக்கியத்தில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அன்றைக்குக் காலையிலிருந்தே பனி மூட்டம். மத்தியானம் கொழும்பிலிருந்து முக்கியமான விருந்தாளிகள் வருகிறார்கள், வீடு பளிச்சென்று இருக்க வேண்டும் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். நல்ல பெண், கொழும்பில் படித்த சிங்களப் பிள்ளை. அவர்களை அழைத்து வர அவரே தலவாக்கலை ரயில் நிலையத்துக்குப் போயிருந்தார். வீட்டில் நான் மட்டும் இருந்தேன். முற்றத்தில் கினிகத்தேனையிலிருந்து வந்த ஒரு சிங்களக் குடும்பமும், ஒரு வெள்ளைக்காரப் பெண்ணும், பின்னால் ஒரு முதியவரும் அவருடைய மகளும் நின்றார்கள். முதியவர் வெள்ளைச் சட்டையின் மேல் பொத்தான் வரை பூட்டி, வெள்ளைச் சாரம் கட்டி, தலையை எண்ணெய் வைத்து வழித்து வாரியிருந்தார். செருப்பைக் கேற்றுக்கு வெளியிலேயே கழற்றிவிட்டு, அந்தக் குளிரில் வெறுங்காலோடு நின்றார். மூன்று மொழியிலும் வாக்கியத்தைச் சொல்லி முடித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். முதியவர் மட்டும் சிரிக்கவில்லை, தோளைப் பின்னுக்குத் தள்ளி நிமிர்ந்துகொண்டார். அவர் மகள் கண்ணை மூடிக்கொண்டதையும் பார்த்தேன். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

முன்னறையில் விளக்கம் சொல்லிவிட்டுத் திரும்பினால் முதியவரைக் காணவில்லை. எழுத்து மேசைப் பக்கம் ஓடினேன். அங்கே நின்று, புறங்கையால் கோப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆறிப்போச்சி” என்றார், தனக்குத் தானே. கோப்பையைச் சாசரோடு கையில் எடுத்துவிட்டார்.

அந்தக் கோப்பைக்கு ஜோடி கிடையாது. “ஐயா, அதத் தொடக்கூடாதுங்க! அங்கயே வைங்க!”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “யாரும்மா நீ? புதுசா வந்த ஆயாவா? தொரை ஆறுன தேத்தண்ணி குடிக்க மாட்டாருன்னு ஒனக்கு யாரும் சொல்லலியா?”

எனக்குச் சுருக்கென்றது. என் அம்மா கொழுந்து பறித்த காசில் என்னை ஹட்டனில் கன்னியாஸ்திரிகளிடம் விட்டுப் படிக்க வைத்ததே, நான் எந்தப் பங்களாவிலும் ஆயாவாகப் போய்விடக் கூடாது என்பதற்காகத்தான். மூன்று மொழி கதைக்கும் தலைமை வழிகாட்டியைப் பார்த்து இந்த மனிதர் ஆயாவா என்கிறாரே என்று கோபம் வந்தது. கோபப்படுவதா கோப்பையைப் பிடுங்குவதா என்று யோசிப்பதற்குள் அவர் புதுத் தேத்தண்ணி போடக் குசினியைத் தேடிப் புறப்பட்டுவிட்டார்.

இந்த வீட்டில் குசினி யாருக்குத்தான் கிடைத்திருக்கிறது? ஒரு சுவரைத் தள்ளிப் பார்த்தார். அலமாரிக் கதவைத் திறந்து பார்த்தார். “தொரை வீட்ட மாத்திக் கட்டிப்புட்டாரு போல” என்று முணுமுணுத்தார். திரும்பும் இடத்தில் கண்ணாடியின் முன்னால் வந்து நின்றவர் அப்படியே திகைத்துப்போனார். உள்ளே வெள்ளைச் சட்டையோடு, கையில் கோப்பையோடு ஒரு கிழவர் நின்றார்.

“அது யாரு?” என்று என்னைக் கேட்டார். “புது அப்புவா? என்னைய நிப்பாட்டிட்டாங்களா?”

அப்பு என்றால் பங்களாவின் சமையலும் பொறுப்பும் பார்க்கிற ஆள் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கு அப்போதுதான் பாதி புரிந்தது. அவரைச் சாய்வு நாற்காலிக்குப் பக்கத்திலிருந்த முக்காலியில் உட்காரச் சொன்னேன். உட்கார மாட்டேன் என்றார். சரி, நில்லுங்கள் என்று விட்டுவிட்டு, மற்றவர்களைத் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு அப்படியே கிளம்பச் சொன்னேன். மகள் என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள்.

அவள் பெயர் லெட்சுமி. பூண்டுலோயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கொழுந்து எடுக்கிறவள். என்னைவிடச் சில வயது இளையவளாக இருப்பாள். புருசன் இல்லை, பிள்ளைகள் கொழும்பில். அப்பாவின் பெயர் காத்தமுத்து. கொஞ்ச காலமாக நினைவு தப்பிப் போகிறது.

“எங்க தோட்டத்து பங்களாவுலதான்கா அவரு காலம் பூரா அப்புவா இருந்தாரு. இப்ப அது ஹோட்டலாயிருச்சி. இவரு விடிய முன்ன எந்திரிச்சி, குளிச்சி, சட்டைய மாட்டிக்கிட்டு வேலைக்குன்னு அங்க போயிர்றாரு. மொதல்ல காவக்காரங்க சிரிச்சாங்க. அப்பறம் கழுத்தப் புடிச்சித் தள்ளிட்டாங்க. இனி வந்தா பொலிசுல குடுப்போம்னு சொல்லிட்டாங்க.”

“அப்ப இந்த வீட்டுல அவரு வேலை செஞ்சதே இல்லியா?”

“இல்லக்கா. இங்க வந்ததே இல்ல. அங்க உள்ள விட மாட்டேங்கிறாங்களே, என்னா செய்யிறது? உள்ள போயிப் பாக்குற மாதிரி பழைய பங்களா இது ஒண்ணுதான் இருக்குன்னு எங்க கோயில் ஐயர் சொன்னாரு. வெறும் பங்களாவக் காட்டி, தொரையும் இல்ல யாரும் இல்லன்னு அவரு கண்ணால பாத்துட்டா நின்னுருவாருன்னு நெனச்சிக் கூட்டியாந்தேன். நீங்க என்னான்னா...”

நான் என்னவென்றால், வாசலிலேயே நிறுத்தி, துரை இப்போதுதான் வெளியே போனார் என்று சொல்லிவிட்டேன்.

லெட்சுமி அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். “இப்ப நான் காம்பராவ வெளியில பூட்டிட்டுத்தான்கா மலைக்கு கொழுந்தெடுக்க போறேன்” என்றாள். வரிசை லயத்தில் அவர்களுக்கு இருப்பது அந்த ஓர் அறைதான். “உள்ள இருந்து கதவத் தட்டிக்கிட்டே இருப்பாராம், பக்கத்துக் காம்பராவுல சொல்றாங்க. லயத்துல நெருப்பு புடிச்சா என்னாக்கா செய்யிறது? பெத்த அப்பன மாட்டக் கட்டிப் போட்ட மாதிரி போட்டுட்டுப் போறேன். வேலைக்கு போகாம இருந்தா ரெண்டு பேரும் என்னாத்த திங்கிறது? நீங்க ஒரு வார்த்த சொல்லுங்கக்கா. தொரை செத்துப் போயிட்டாருன்னு சொல்லுங்க. நான் சொன்னா கேக்க மாட்டாரு. நீங்க பங்களா ஆளு, நீங்க சொன்னா நம்புவாரு.”

“எந்தத் தொரை?” என்று கேட்டேன்.

“அது எனக்கே தெரியாதுக்கா. வெள்ளக்காரன், சிங்களத் தொரை, தமிழ்த் தொரைன்னு எத்தனையோ பேருக்கு ஆக்கிப் போட்டிருக்காரு. இப்ப மனசுல எந்தத் தொரைய வச்சிருக்காரோ.”

இதை எந்தக் கையேட்டில் தேடுவது? இன்னொருவருடைய வீட்டில் நின்றுகொண்டு, எனக்குத் தெரியாத ஒரு துரை செத்துவிட்டார் என்று, அப்பு வேலையே செய்திராத ஒரு வீட்டின் ஆயாவாக நான் சொல்ல வேண்டும். அந்த நேரம் பார்த்து மேனேஜரின் டெலிபோன் கோல் வந்தது. ரயில் வந்துவிட்டது, விருந்தாளிகளை வேனில் ஏற்றிவிட்டேன், எல்லாம் தயார்தானே என்றார். தயார் என்றேன்.

உண்மையைச் சொல்வதுதான் முறை என்று தோன்றியது. கிழவர் முன்னால் போய் நின்றேன். அவர் இன்னும் அந்த முக்காலிக்குப் பக்கத்தில் கோப்பையோடு நின்றுகொண்டிருந்தார்.

“அப்பு, ஒங்ககிட்ட ஒரு விசயம் சொல்லணும். மனச தெடப்படுத்திக்கங்க. தொரை எறந்து போயிட்டாரு.”

அவர் கோப்பையை மெதுவாக மேசையில் வைத்தார். கை இரண்டையும் முன்னால் கோர்த்துக்கொண்டு தலையைக் குனிந்தார். எங்கோ பூசையில் நிற்கிற மாதிரி கொஞ்ச நேரம் நின்றார். அப்பாடா, முடிந்தது, பாவம் மனிதர் என்று நினைத்தேன். லெட்சுமியும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிறகு தலையை நிமிர்த்தினார். “நல்ல மனுசன்” என்றார். “அப்ப புது தொரை எப்ப வாராரு?”

நான் லெட்சுமியைப் பார்த்தேன். லெட்சுமி என்னைப் பார்த்தாள்.

“வந்து எறங்கையில வீடு இப்பிடியா கெடக்கும்? என்னா ஆயா நீ, பாத்துக்கிட்டு நிக்கிற? வெள்ளித்தட்டெல்லாம் எங்க? வெதுவெதுப்பா தண்ணி கொண்டா!” தோளில் கிடந்த துண்டை எடுத்து மேசையைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம், பத்திரிகை ஒரு பக்கம். முன்னால் தேத்தண்ணி போட மட்டும்தான் நினைத்திருந்தார். இப்போது வீடு முழுவதையும் துடைத்து மெழுகிப் புது துரைக்குத் தயார் செய்யாமல் நகர மாட்டார் போலிருந்தது. நாளை காலையிலும் இதே எண்ணத்தோடு எழுந்து, அந்தக் காவல்காரர்களிடம் போய் நிற்பார். உண்மையைச் சொல்லி நான் அவருக்கு இன்னும் அதிக வேலை கொடுத்துவிட்டேன்.

பிள்ளைகளே, உண்மை சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்பியிருந்த காலம் அந்த நிமிடத்தோடு முடிந்தது. துரை செத்துப்போவது காத்தமுத்து அப்புவுக்குப் பெரிய விசயமே இல்லை. ஒருவர் போவார், இன்னொருவர் வருவார். பங்களா இருக்கும்வரை வேலை இருக்கும். எதற்குக் கேட்டேன் என்று தெரியாமலே லெட்சுமியிடம் ஒரு கேள்வி கேட்டேன்.

“இவரு லீவுன்னு வீட்டுல இருந்ததே இல்லியா?”

“எங்கக்கா? தீவாளிக்குக்கூட பங்களாவுல விருந்துன்னு போயிருவாரு. நாங்க சின்னப் பிள்ளையில ஒரே ஒரு தடவ இருந்தாரு. தொரை சீமைக்குப் போறேன்னு பங்களாவப் பூட்டிட்டுப் போனப்ப. அன்னைக்கு எங்களையெல்லாம் நுவரெலியாவுக்குக் கூட்டிக்கிட்டுப் போயி குதிர காட்டுனாரு. குதிரயப் பாத்து அவரும் பயந்தாரு.” அந்த நேரத்திலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

எனக்குப் பிடி கிடைத்தது. துரை போனாலும் வந்தாலும் செத்தாலும் அப்புவுக்கு வேலை உண்டு. பங்களா பூட்டியிருந்தால்தான் வேலை இல்லை.

கூரை ஒழுகும் மாதங்களில் மரச்சாமான்களை மூடுவதற்கென்று வெள்ளை விரிப்புகள் வைத்திருக்கிறோம் அல்லவா, அவற்றை அள்ளிக்கொண்டு வந்தேன். கிழவர் முன்னால் போட்டேன்.

“அப்பு, நான் மறந்துட்டேன். ஆபீஸ்லருந்து சொல்லிவிட்டிருக்காங்க. புது தொரை சீமையிலருந்து வர்றதுக்கு நாளு கெடக்காம். அதுவரைக்கும் பங்களாவ மூடச் சொல்லிட்டாங்க.”

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. “மூடச் சொன்னாங்களா?”

“ஆமாங்க.”

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும்.”

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு நான் தலைமை வழிகாட்டி இல்லை. “ஏய் ஆயா, அந்த மூலைய இழு. இப்பிடியா போடுவாங்க? தரையில பொரளுது பாரு!” என்று விரட்டினார். அவர் மகளை இன்னும் கூடுதலாக விரட்டினார். சாப்பாட்டு மேசை, நாற்காலிகள், கட்டில் எல்லாவற்றுக்கும் மேல் வெள்ளை ஏறியது. தொப்பியை எடுத்து அலமாரிக்குள் வைத்தார். கைத்தடியையும் வைத்தார். மூக்குக்கண்ணாடியைத் தன் துண்டில் துடைத்து, பத்திரிகையோடு இழுப்பறைக்குள் வைத்து மூடினார். ஆறிய தேத்தண்ணியை முற்றத்துச் செடியில் ஊற்றிவிட்டு, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தார். ஜன்னல் ஒவ்வொன்றாகச் சாத்தச் சாத்த வீடு இருட்டிக்கொண்டே வந்தது. இத்தனை வருசம் நான் தினமும் திறந்துவைத்த வீடு அது. அது மூடியதை அன்றைக்குத்தான் முதல் முறை பார்த்தேன்.

கண்ணாடியை அவர் மறக்கவில்லை. கடைசி விரிப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அதன் முன்னால் போய் நின்றார். எதிரே நின்றவரும் விரிப்போடு நின்றார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“மூடச் சொல்லிட்டாங்கப்பா” என்றார் கண்ணாடியில் நின்றவரிடம். “நீயும் வீட்டுக்குப் போ. பொண்டாட்டி பிள்ளைகளப் போயிப் பாரு.” விரிப்பைத் தூக்கி அந்த மனிதர் மேல் போர்த்தினார்.

பின்கதவை அவரே இழுத்துப் பூட்டினார். சாவியை என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டார். “ஆபீஸ்ல குடுத்துட்டு நீயும் வீட்டுக்குப் போ ஆயா. மழை வருது.” லெட்சுமி குடையை விரித்தாள். என் தோளை ஒரு முறை அழுத்திவிட்டு அப்பாவைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் தேயிலைக்கு நடுவே வீதிக்கு இறங்கிப் போனார்கள். கிழவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. பள்ளிக்கூடம் விட்டுப் போகிற பிள்ளையின் நடை.

எனக்கு அவர் கொடுத்த லீவு நீடிக்கவில்லை. முன்பக்கம் வேன் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. விருந்தாளிகள் குனிந்து உள்ளே வந்தார்கள். இருட்டில் வெள்ளை வெள்ளையாக நின்ற வீட்டைப் பார்த்து அப்படியே அடங்கிப் போனார்கள்.

“மொகத மே, அக்கே?” என்றார் மேனேஜர் என் காதில். இது என்ன, அக்கா?

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் விருந்தாளிகளில் ஒரு அம்மா, உரிமையாளர் இல்லாத துயரத்தை வீடே அனுபவிப்பது போல இவ்வளவு அழகாக யார் யோசித்தது என்று ஆங்கிலத்தில் கேட்டார். கூட வந்தவர்கள் மெல்லக் கை தட்டினார்கள். மேனேஜர் என்னைப் பார்த்தார், பிறகு அவர்களைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். அவர்கள் போன பிறகு நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, ஆனாலும் மாதம் ஒரு முறை இதைச் செய்யலாமே என்றார். முடியாது என்றேன். ஏன் என்று கேட்டார். முடியாது என்று மட்டும் இன்னும் சத்தமாகச் சொன்னேன். கொஞ்ச நாள் எங்களுக்குள் முகம் கொடுத்த பேச்சு இல்லை.

அதற்குப் பிறகு அந்த வாக்கியத்தைத் தமிழில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்த வீட்டைக் கட்டியவர் இப்போது இல்லை, அவர் பாவித்த சாமான்களை அப்படியே வைத்திருக்கிறோம் என்று நேராகச் சொல்லிப் பார்த்தேன். ஆட்களின் முகம் வாடிப்போனது. சின்னப் பிள்ளைகள் நிறைய வந்த நாட்களில் பழையதையே சொல்லிவிட்டேன். எது சரி என்று நான் முடிவு செய்யவில்லை. உங்கள் கையேட்டிலும் அந்த வாக்கியம் இருக்கிறது. வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். சொல்வதற்கு முன்னால் எதிரே நிற்கிறவர்களின் முகத்தை ஒரு தடவை பாருங்கள். வாசலைத் திரும்பிப் பார்ப்பது பிள்ளையா, நிமிர்ந்து நிற்பது யார் என்று பாருங்கள்.

சில வாரங்கள் கழித்து லெட்சுமியைத் தலவாக்கலை பஸ் நிலையத்தில் பார்த்தேன். மரக்கறிப் பையோடு நின்றாள். அவளைப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்தது. என்ன கேட்கப் போகிறேனோ, என்ன சொல்லப் போகிறாளோ.

“இப்ப பூட்டுறதில்லக்கா” என்றாள் நான் கேட்கும் முன்பே. “காலையில போறதும் இல்ல. பங்களா மூடியிருக்குன்னு லயம் பூரா சொல்லிக்கிட்டு, வெயில்ல ஒக்காந்திருக்காரு. தெனமும் நான் மலைக்கு கெளம்பையில ஒண்ணு மட்டும் கேப்பாரு. லீவு எப்பம்மா முடியுதுன்னு.”

“நீங்க என்னா சொல்லுவீங்க?”

“தொரை இன்னும் சொல்லலப்பான்னு சொல்லுவேன். ஒடனே சிரிப்பாருக்கா. வாயப் பொத்திக்கிட்டு, தொரைக்குத் தெரியாம சிரிக்கிற மாதிரி. எங்கப்பா சிரிச்சி நான் பாத்ததே அந்தக் குதிர பாத்த அன்னைக்குத்தான்.” பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். “ஆனா பொய்தானேக்கா? தெனம் தெனம் பெத்தவருக்கிட்ட பொய் சொல்றேன். பாவமில்லியா?”

நான் யோசித்தேன். நேர்மையாகச் சொன்னால், இன்றைக்கும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அதற்குள் பூண்டுலோயா பஸ் வந்துவிட்டது. அவள் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து என்னைப் பார்த்துக் கையசைத்தாள். நானும் அசைத்தேன்.

இதுதான் என்னிடம் இருக்கும் அனுபவம். வீட்டை எப்படிச் சுற்றிக் காட்டுவது என்பதை நீங்களே பழகிக்கொள்வீர்கள். வழி தவறுவதும் போகப் போகக் குறையும். ஒரே ஒரு விசயம். அந்த வெள்ளை விரிப்புகள் குசினி அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கின்றன. கூரையைத் திருத்தியாயிற்று, இனி இவை எதற்கு என்று யாராவது கேட்பார்கள். கொடுத்துவிடாதீர்கள்.